பேட்டரி மேல் பழி போடாதீர்கள்

2023 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம். பால்டிமோர் துறைமுகத்துக்கு வெளியே, படாப்ஸ்கோ ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், 22 அடி மோட்டார் படகு ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் நடுத்தண்ணீரில் நின்றுபோனோம்.

படகு நண்பருடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பூர்வீகம் தூத்துக்குடி பக்கம். எனக்கு அவர் அண்ணன்தான். ஓய்வுக்காலப் பொழுதுபோக்காக 1978-ல் கட்டிய ஒரு பெட்ரோல் என்ஜின் படகைச் சல்லிசாக வாங்கியிருந்தார். அன்றைக்கு அவர், அண்ணி, நான், என் மனைவி, பன்னிரண்டு வயது மகள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த என்ஜின், இருமலோ திணறலோ இல்லாமல், சுவிட்சை அணைத்தது போல நின்றது. அதே நொடியில் மீட்டர் முள்ளெல்லாம் பூஜ்யத்துக்கு விழுந்தது. ரேடியோ இல்லை, ஹார்ன் இல்லை, விளக்கு இல்லை. சாவியைத் திருப்பினால் ஒரு 'டிக்' கூட இல்லை. அண்ணன் பதறவில்லை. முதல் வேலையாக முன்பக்கம் போய் நங்கூரத்தைக் கையால் இறக்கினார். "கரண்ட் இல்லாட்டியும் வேலை செய்யறது இது ஒண்ணுதான் தம்பி" என்றார்.

பக்கத்திலேயே பெரிய கப்பல்கள் போகும் வாய்க்கால். கொஞ்ச நேரத்தில் ஒரு சரக்குக் கப்பல் வந்தது. நாங்கள் வாய்க்காலுக்கு வெளியேதான் இருந்தோம். ஆனால் மங்கின வெளிச்சத்தில், விளக்கில்லாத ஒரு சின்னப் படகு கப்பல்காரர் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஐந்து குட்டை ஹார்ன் ஒலி கேட்டது. 'உன் போக்கு எனக்குப் புரியவில்லை, ஆபத்து' என்று அதற்கு அர்த்தம். என் மகள் போன் டார்ச்சைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். கப்பல் எங்களைக் கடந்து போனது. அதன் அலை எங்களை ஊஞ்சல் ஆட்டிவிட்டுப் போனது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மறக்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. இது அந்தப் படகுக்கு மூன்றாவது முறை. முதல் முறை ஜூனில் படகுத்துறையிலேயே செத்துப்போனது. அண்ணன் பேட்டரியை மாற்றினார், ஓடியது. ஜூலையில் மறுபடி. என்னைக் கூப்பிட்டார். நான் மல்டிமீட்டரோடு போனேன். பி.இ. படித்தது எலெக்ட்ரிக்கல், இருபது வருடமாகச் சோறு போடுவது சாஃப்ட்வேர் என்றாலும், மீட்டர் பிடிக்கத் தெரியாதா என்ன? பேட்டரியில் 12.6 வோல்ட். ஸ்டியரிங் பக்கத்து பேனலிலும் 12.6 வோல்ட். "வயரிங் பக்காவா இருக்கு அண்ணே, பேட்டரி சுவிட்ச்தான் கோளாறு" என்று தீர்ப்புச் சொன்னேன். சுவிட்சை மாற்றினோம், ஓடியது. அந்தத் தைரியத்தில்தான் குடும்பத்தோடு ஏறினேன்.

ஆக, நடுத்தண்ணீரில் நின்றதற்கு நானும் ஒரு காரணம். நான் எங்கே தப்புச் செய்தேன் என்று தேடப் போய்த்தான் 1761 வரைக்கும் போக வேண்டியதாயிற்று. அந்தக் குறிப்புகளின் தொகுப்புதான் இது.

என்ஜின் ஏன் கரண்டை நம்பிப் பிழைக்கிறது?

கரண்ட் போனால் விளக்கு அணையலாம். என்ஜின் ஏன் நிற்க வேண்டும்?

ஆரம்பகால மோட்டார் படகுகளில் பல இப்படி நிற்க வாய்ப்பே இல்லாதவை. 1909-ல் ஓலே எவின்ரூட் அமெரிக்காவில் தன் வெளிப்பொருத்து மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்தில், கையால் சுற்றிக் கிளப்பும் என்ஜின்கள்தான் சகஜம். அவற்றில் பலவற்றில் பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி 'மேக்னெட்டோ' என்ற கருவியிலிருந்து வந்தது. காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த ஒரு குட்டி ஜெனரேட்டர்தான் அது. என்ஜின் சுற்றும் வரை பொறி வரும். பேட்டரியே வேண்டாம்.

இந்த நிலைமையை மாற்றியவர் சார்லஸ் கெட்டரிங். அவர் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ம் வருட மாடல் காடிலாக் கார்களில் வந்தது. கைப்பிடி சுற்றி மணிக்கட்டு முறிந்த காலம் முடிவுக்கு வந்தது. அதே ஏற்பாட்டில் ஸ்டார்ட்டர், விளக்கு, தீப்பொறி மூன்றையும் ஒரே பேட்டரிக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார். வசதிதான். ஆனால் அதோடு ஒரு புதுப் பலவீனமும் வந்து சேர்ந்தது: கூட்டுக் குடும்பத்தில் ஒரு கம்பி கழன்றால் எல்லோரும் பட்டினி. கார் என்ஜின்களை அப்படியே தூக்கிப் படகில் வைத்தபோது இந்தப் பலவீனமும் கூடவே தண்ணீரில் இறங்கியது. பழைய முறை டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. எரிபொருள் பம்பும் இயந்திர விசையில் ஓடுவதால், கரண்ட் போனாலும் பல டீசல் என்ஜின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் என்ஜினுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

1960-களில் டைனமோ போய் ஆல்ட்டர்னேட்டர் வந்தது. முன்னைவிட அதிகக் கரண்ட். ஆனால் டாஷ்போர்டில் இருந்த அம்மீட்டர் மட்டும் பல படகுகளில் அப்படியே தங்கிவிட்டது. வோல்ட்மீட்டருக்கு மெல்லிசான ஒரு கம்பி போதும். அந்தக் கால அம்மீட்டர் அப்படியல்ல, அளக்க வேண்டிய கரண்ட் முழுவதும் அதன் வழியாகவே போயாக வேண்டும். அதனால் பின்பக்க என்ஜினில் பிறந்த கரண்ட், படகின் நீளம் முழுக்க முன்னால் வந்து, டாஷ்போர்டை எட்டிப் பார்த்துவிட்டு, பேட்டரிக்காக மறுபடி பின்பக்கம் போகும். சாவி, தீப்பொறிச் சுருள், விளக்கு, ஹார்ன் எல்லாவற்றுக்கும் தாய்க் கம்பியும் அதே பாதைதான்.

என்ஜினைக் கழற்றி மாட்ட வசதியாக, அந்தக் கம்பிக் கற்றையின் நடுவில் ஒரு வட்ட பிளக் வைப்பார்கள். ஏறக்குறைய பத்துப் பின் இருக்கும். அதில் ஒரே ஒரு பின் வழியாகத்தான் படகின் மொத்த உயிரும் ஓடுகிறது. அந்தப் பிளக் இருக்கும் இடமோ ஈரமும் சூடும் அதிர்வும் நிறைந்த என்ஜின் அறை. கதையின் வில்லன் யார் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்.

பழுப்புத்தாள் தப்பவைத்த ஆணிகள்

சரி, ஒரு பிளக் ஏன் கெட்டுப்போகிறது? 'துரு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அந்தத் துருவின் பூர்வகதை சுவாரஸ்யமானது.

1761-ல் பிரிட்டிஷ் கடற்படை, எச்.எம்.எஸ். அலார்ம் என்ற 32 பீரங்கிப் போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுக்கத் தாமிரத் தகடு அடித்தது. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவைத் தடுக்க ஒரு பரீட்சை. கப்பலை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1763-ல் திரும்பி வந்தபோது பார்த்தால், தாமிரம் நன்றாகவே இருந்தது. புழு அண்டவில்லை. ஆனால் தகட்டையும் சுக்கானையும் பிடித்திருந்த இரும்பு ஆணிகளும் இணைப்புகளும் கரைந்துபோயிருந்தன.

இதில் ஒரு விசேஷம். சில இரும்பு ஆணிகள் மட்டும் புதுசு மாதிரியே இருந்தன. ஏன் என்று நோண்டிப் பார்த்தால், தாமிரத் தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத்தாள் அந்த இடங்களில் உரியாமல் உள்ளேயே தங்கிவிட்டிருந்தது. தாள் இருந்த இடத்தில் தாமிரமும் இரும்பும் தொடவில்லை, இரும்பு தப்பியது. தாள் இல்லாத இடத்தில் தொட்டன, இரும்பு போச்சு. 'இரும்பைத் தாமிரத்தோடு நேரடியாகத் தொடவிடக் கூடாது' என்று பாடம் கற்றார்கள். ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவில் உப்புநீர். வோல்ட்டா தன் மின்கல அடுக்கை அறிவித்தது 1800-ல். அதற்குக் கிட்டத்தட்ட நாற்பது வருடம் முன்பே கடற்படை ஒரு மிதக்கும் பேட்டரியைக் கட்டிக் கடலில் ஓட்டிப் பார்த்திருக்கிறது! அந்தப் பேட்டரி எரித்த எரிபொருள், கப்பலின் சொந்த ஆணிகள்.

1820-களில் பிரச்சினை மறுபக்கம் திரும்பியது. இரும்பு ஆணிக்குப் பதில் தாமிரக் கலவை ஆணிகள் வந்துவிட்டன. இப்போது தாமிரத் தகடே கடல்நீரில் தேய்கிறது என்று ஹம்ஃப்ரி டேவியிடம் போனார்கள். 1824-ல் அவர் சொன்ன யோசனை அபாரம்: தாமிரத்தோடு ஒரு சின்னத் துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ சேர்த்து வையுங்கள். கடல் அந்தத் துண்டைத் தின்னும், தாமிரத்தை விட்டுவிடும். அப்படியே நடந்தது. ஆனால் வேறொரு வினையும் வந்து சேர்ந்தது. தாமிரம் மெல்லக் கரைவதால்தான் பாசியும் சிப்பியும் கப்பலில் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் அவை குடியேறின, கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அந்தக் காப்பைக் கைவிட்டது. ஆனாலும் டேவியின் யோசனை சாகவில்லை. அண்ணன் படகின் புரொப்பெல்லர் பக்கத்தில் வருடா வருடம் மாற்றும் துத்தநாகக் கட்டி அவருடையதுதான்.

பழைய படகின் ஒவ்வொரு வயர் இணைப்பும் ஒரு சின்ன அலார்ம் கப்பல். தாமிரக் கம்பி, பித்தளை பின், எஃகுத் திருகு, மேலே உப்புக் காற்று. செசபீக் நீர் முழுக் கடல்நீர் அல்ல, உவர்நீர்தான். ஆனால் இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும். பின்னின் மேல் பச்சையாக, பிறகு கருப்பாக ஒரு படலம் படியும். தொடும் பரப்பு சுருங்கும். சுருங்கிய இடத்தில் கரண்ட் நெரிசலாகப் போகும், சூடாகும். சூட்டில் படலம் இன்னும் கனக்கும். இப்படி ஒரு விஷச் சுழல். அதனால்தான் இன்றைய படகு வயரிங்கில் வெறும் தாமிரத்துக்குப் பதில் வெள்ளீயம் பூசிய தாமிரக் கம்பி போடச் சொல்கிறார்கள். 1978-ம் வருடப் படகில் அதை எதிர்பார்க்க முடியாது.

2,000 வோல்ட் வைத்தியம்

இணைப்பு கெடுவது இயற்கை. அதைப் பார்க்காமல் நாம் ஏன் பேட்டரியை மாற்றுகிறோம்? இதற்கும் ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது.

1858 ஆகஸ்டில் அயர்லாந்தின் வலென்ஷியாவுக்கும் கனடா பக்கத்து நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவே முதல் அட்லான்டிக் தந்திக் கேபிள் போட்டு முடித்தார்கள். விக்டோரியா ராணி அமெரிக்க அதிபர் புக்கானனுக்கு அனுப்பிய 98 வார்த்தைச் செய்தி போய்ச்சேர ஏறக்குறைய 16 மணி நேரம் பிடித்தது. சிக்னல் அவ்வளவு பலவீனம்.

இந்த இடத்தில் இரண்டு ஆட்கள். ஒருவர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ், கம்பெனியின் மின் அதிகாரி, படிப்பால் மருத்துவர். மற்றவர் கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. பலவீனமான சிக்னலுக்கு வைட்ஹவுஸ் கண்ட வைத்தியம்: இன்னும் அழுத்து. பெரிய தூண்டுசுருள்களை வைத்துச் சுமார் 2,000 வோல்ட் வரை கொடுத்தார். தாம்சன் வழி நேரெதிர்: குறைந்த கரண்டே போதும், அதை உணரக் கூர்மையான கருவி செய்வோம். அதற்காகவே கண்ணாடி கால்வனாமீட்டர் ஒன்றை உருவாக்கியிருந்தார்.

கேபிளில் ஆரம்பத்திலிருந்தே காப்புறையில் பழுது இருந்தது. தயாரிப்பிலும் கிடங்கிலும் நேர்ந்த குறைகள். அதன் மேல் 2,000 வோல்ட் ஏறியதும் பழுது விரைவாக முற்றியது. சில வாரங்களில் கேபிள் ஊமையாகிவிட்டது. வைட்ஹவுஸுக்கு வேலை போனது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். அரசும் கம்பெனியும் சேர்ந்து ஒரு விசாரணைக் குழு அமைத்தன. 1861-ல் வந்த அறிக்கைப்படி, அதுவரை உலகக் கடல்களில் போட்டிருந்த சுமார் 11,000 மைல் கேபிளில் வேலை செய்துகொண்டிருந்தது சுமார் 3,000 மைல்தான். யாரிடமும் பொதுவான அளவுகோல் இல்லை. 'மின்தடை இவ்வளவு' என்று ஒருவர் சொன்னால் மற்றவருக்குப் புரியாது. அதே 1861-ல் தாம்சனின் தூண்டுதலில் பிரிட்டிஷ் அசோசியேஷன் மின்தடைக்கு ஒரு நிலையான அலகு உண்டாக்கக் குழு போட்டது. ஓம் தன் விதியை 1827-லேயே வெளியிட்டிருந்தார். அந்த விதிக்கு ஊரெல்லாம் ஒத்துக்கொள்ளும் ஓர் அலகு வந்தது கேபிள் செத்த பிறகுதான்.

நம் கல்லூரி லேபில் வேண்டாவெறுப்பாகக் குறித்துக்கொண்ட 'ஓம்' என்ற அலகுக்குப் பின்னால் இப்படி ஒரு கடலடித் துக்கம் இருக்கிறது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. 1866-ல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் போட்ட கேபிள் நிலைத்து வேலை செய்தது. வழி நெடுக அளந்துகொண்டே போனார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

படகில் அண்ணன் புதுப் பேட்டரி வாங்கியது வைட்ஹவுஸ் வைத்தியம். சரி, நான்தான் மீட்டர் வைத்து அளந்தேனே, நான் தாம்சன் கட்சிதானே? இல்லை. எதை அளக்கிறோம் என்று தெரியாமல் அளந்தவன்.

12.6 வோல்ட் சொன்ன பொய்

டிஜிட்டல் மீட்டர் கிட்டத்தட்டக் கரண்டே எடுக்காது. பிளக்கில் மயிரிழை அளவு தொடுப்பு இருந்தாலும் அது முழு 12.6 வோல்ட்டைக் காட்டும். சொட்டுச் சொட்டாக வரும் குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு 'அழுத்தம் நன்றாக இருக்கிறது' என்று சொல்வது மாதிரி. விரலை எடுத்துக் குடத்தை வைத்தால்தான் தெரியும், குழாயில் அடைப்பு என்று.

கணக்கு எளிது. இணைப்பில் அரை ஓம் தடை என்று வையுங்கள். கரண்ட் ஓடாதபோது இழப்பு பூஜ்யம். விளக்கு, ஹார்ன், தீப்பொறிச் சுருள் எல்லாம் சேர்ந்து 10 ஆம்பியர் ஓட வேண்டுமானால், அந்த ஓர் இணைப்பிலேயே 5 வோல்ட் போய்விடும். அங்கே 50 வாட் சூடும் பிறக்கும். ஒரு சால்டரிங் அயர்னை என்ஜின் அறையில் செருகி வைத்ததற்குச் சமம்.

அடுத்த சனிக்கிழமை படகுத்துறையில் இதை முறையாகச் செய்தோம். பெட்ரோல் படகு என்பதால் முதலில் என்ஜின் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, பெட்ரோல் வாசம் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். பொறி பறந்தால் தலைபோகும் விஷயம் இது. மீட்டர் கிளிப்புகளை முதலில் மாட்டிவிட்டு, பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும்.

அண்ணன் சாவியைத் திருப்பி, விளக்கையும் ஹார்னையும் போட்டார். பேட்டரி முனைகளில் 12.4 வோல்ட். பேட்டரி உத்தமம். பேனலில் 5 வோல்ட் கூட இல்லை. மிச்சம் 7 வோல்ட்டுக்கு மேல் வழியில் எங்கேயோ தொலைகிறது. அதைத் தேட, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ் முனையிலேயே வைத்துக்கொண்டு, மறுமுனையைப் பாதையில் ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினேன். நல்ல பாதையில் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும்.

பேட்டரி கவ்வி: 0.02. நான் மாற்றச் சொன்ன சுவிட்சைத் தாண்டி: 0.05. ஸ்டார்ட்டர் முனை: 0.1. வட்ட பிளக்குக்கு இந்தப் பக்கம்: 0.15. பிளக்குக்கு அந்தப் பக்கம்: 7.1.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பிளக்கைப் பார்த்தேன். கழற்றினால், சிவப்புக் கம்பியின் பின் பச்சையும் கருப்புமாக, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுத்து உருகி இருந்தது. மற்ற பின்களில் அவ்வளவு சேதம் இல்லை. அவற்றில் அவ்வளவு கரண்ட் ஓடுவதில்லை.

அப்போதுதான் முதல் இரண்டு 'வெற்றி'களும் புரிந்தன. பேட்டரியை மாற்றும்போதும் சுவிட்சை மாற்றும்போதும் அந்தக் கம்பிக் கற்றையை அசைத்திருக்கிறோம். பின் கொஞ்சம் இடம் மாறிப் புதுசாகத் தொட்டிருக்கிறது. சில வாரம் ஓடியது. நாங்கள் மாற்றிய பொருளுக்கும் கிடைத்த குணத்துக்கும் சம்பந்தமே இல்லை. சாஃப்ட்வேரில் 'ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாயிடுச்சு' என்று டிக்கெட்டை மூடுகிறவர்களை நான் கண்டித்திருக்கிறேன். படகில் நானே அதைத்தான் செய்தேன்.

அந்தத் தாய்க் கம்பியை மட்டும் பிளக்கிலிருந்து பிரித்து, வெள்ளீயம் பூசிய கனமான கம்பியாக ஃபியூஸோடு தனியாக இழுத்தோம். அம்மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர் வைத்தோம். நெகட்டிவ் பக்கத்திலும் அதே மாதிரி அளந்தோம். பலர் மறப்பது இந்தப் பக்கத்தைத்தான். என்ஜினில் முடுக்கியிருந்த பூமிக் கம்பியில் அரை வோல்ட் இழப்பு இருந்தது, சுரண்டி இறுக்கினோம். அமெரிக்கப் படகுத் தர விதிகள் விளக்கு, பம்ப் போன்ற முக்கியச் சர்க்யூட்டுகளில் 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு கூடாது என்கின்றன. 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட்தான். செலவு, இரண்டாவது பேட்டரி விலையில் பாதி கூட ஆகவில்லை.

அதே தண்ணீர், ஏழு மாதம் கழித்து

இந்தக் குறிப்புகளை அப்போதே மூட்டை கட்டியிருப்பேன். 2024 மார்ச் 26 காலையில் எழுந்து போனைப் பார்க்கும் வரை.

அந்த இரவு ஒன்றரை மணி வாக்கில், பால்டிமோரை விட்டுக் கிளம்பிய டாலி என்ற கொள்கலன் கப்பல், ஏறக்குறைய 300 மீட்டர் நீளம், பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தை நெருங்கும்போது இருளில் மூழ்கியது. சில நிமிடங்களுக்குள் இரண்டு முறை கரண்ட் போனது. பிரதான என்ஜினும் நின்றது. நங்கூரம் போட்டார்கள், நேரம் போதவில்லை. கப்பல் தூணில் மோத, 1977-ல் திறந்த பாலம் சில வினாடிகளில் ஆற்றில் விழுந்தது. அபாயச் செய்தி கிடைத்ததும் போலீஸ் இரு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டது. ஆனால் பாலத்தின் மேல் சாலைப் பள்ளங்களைச் சரிசெய்துகொண்டிருந்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். கப்பல் ஊழியர்கள் 21 பேர். அதில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர்.

நாங்கள் நங்கூரமிட்டு நின்ற இடத்திலிருந்து வடமேற்கே தெரிந்த பாலம் அது. அண்ணன் படகைவிட ஒரு வயது மூத்தது.

2025 நவம்பரில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவை அறிவித்தது. முதல் மின்தடைக்குக் காரணம் ஒரு சிக்னல் கம்பி, முனையத்தில் சரியாக உட்காராமல் தளர்ந்திருந்தது. ஏன் உட்காரவில்லை? கம்பியை அடையாளம் காண அதன் மேல் போட்டிருந்த பெயர்ப்பட்டை முனைக்கு மிக அருகில் வந்து, கம்பி முழுசாக உள்ளே போவதைத் தடுத்திருந்தது. அந்தத் தொடுப்பு விட்டதும் ஒரு சர்க்யூட் பிரேக்கர் திறந்துகொண்டது, கப்பல் இருண்டது. இரண்டாவது தடைக்கு வேறு காரணம்: ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் தள்ளிக்கொண்டிருந்த பம்ப், கரண்ட் போய் வந்தால் தானாக மறுபடி ஓடும் வகையைச் சேர்ந்ததல்ல.

அறிக்கையைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஜெனரேட்டர் வெடிக்கவில்லை, கேபிள் அறுபடவில்லை. ஆயிரக்கணக்கான கம்பிகளில் ஒன்று முழுசாக உள்ளே போகவில்லை. பின்னால் வருகிறவருக்கு உதவட்டும் என்று போட்ட பெயர்ப்பட்டையே அதைத் தடுத்தது. அலார்ம் கப்பலில் பழுப்புத்தாள் நடுவில் வந்து ஆணியைக் காப்பாற்றியது. டாலியில் பட்டை நடுவில் வந்து ஆறு உயிர் போனது. தொட வேண்டியது தொடுகிறதா, தொடக்கூடாதது விலகி இருக்கிறதா: 1763-லும் கேள்வி அதேதான்.

22 அடிப் படகையும் 300 மீட்டர் கப்பலையும் ஒரே தராசில் வைப்பது சரியா என்று நீங்கள் கேட்கலாம். அளவில் இல்லைதான். ஆனால் அந்த ஆகஸ்ட் மாலையில் ஹார்ன் அடித்துக் கடந்துபோன கப்பலின் கரண்ட் போயிருந்தால்? எங்கள் கையில் இருந்தது ஒரு போன் டார்ச். எல்லாருடைய உயிரும் யாரோ எப்போதோ இறுக்கிய, அல்லது இறுக்க மறந்த, ஒரு திருகில் தொங்குகிறது. அதை அன்றைக்கு நான் உணரவில்லை.

இப்போது ஒவ்வொரு ஏப்ரலிலும், படகைத் தண்ணீரில் இறக்கும் முன் அண்ணனும் நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருகிறோம். எல்லாச் சுவிட்சையும் போட்டு, சுமை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று குறித்துக்கொள்கிறோம். போன வருட எண்ணை இந்த வருட எண்ணோடு ஒப்பிட்டால், எது கெடப்போகிறது என்று கெடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். முழுசாக ஒரு மணி நேர வேலை. எண்களை எழுதுவது என் மகள். போன ஏப்ரலில் ஒரு முனையில் 0.1 இருந்தது 0.3 ஆகியிருந்தது. "இது பரவாயில்லையா அப்பா?" என்று கேட்டாள். விதிப்படி பரவாயில்லைதான். கழற்றிச் சுரண்டி மாட்டினோம்.